மூக்கிரட்டை, பூஜ்யம்

தை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி இருக்கும். பக்கிங்காம் கால்வாய்க் கரையில், பறக்கும் ரயில் பாதையின் நிழல் விழும் ஓரிடத்தில், நாங்கள் ஐந்து பேர் நைலான் கயிற்றை இழுத்துப் பிடித்துச் சதுரம் கட்டிக்கொண்டிருந்தோம். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் அளவு நாடாவையும் பரீட்சை அட்டையையும் பார்த்துவிட்டு நின்று, "என்ன சார், இந்தப் பக்கமும் மெட்ரோ வருதா?" என்று கவலையோடு கேட்டார். செடிகளைக் கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்றேன். எந்தச் செடி என்று கேட்டார். கயிற்றுக்குள் இருக்கும் எல்லாச் செடிகளும் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். வெட்டுக்காயப் பூண்டு, நாயுருவி, குப்பைமேனி, அருகம்புல், கொஞ்சம் கோரை. "இதெல்லாம் எங்க பார்த்தாலும் இருக்கே சார்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கே பார்த்தாலும் இருக்கிறது என்று நாம் நம்பும் செடி உண்மையிலேயே எங்கும் இருக்கிறதா, போன ஆண்டு இருந்த அளவுக்கு இந்த ஆண்டும் இருக்கிறதா என்ற கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலுக்காகத்தான், 2024 தை மாதத்திலிருந்து ஆண்டுக்கு இருமுறை, தென்சென்னையில் அதே ஐந்து இடங்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறோம். இந்தத் தை மாதத்துப் பதிவு ஐந்தாவது சுற்று.

எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை ஒருவர், கல்லூரி மாணவிகள் இருவர், ஒரு மருந்துக்கடைக்காரர், கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கும் நான். ஒரு வாட்ஸ்அப் குழு, ஐந்து பரீட்சை அட்டைகள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிகள் இரண்டு, 50 மீட்டர் நாடா ஒன்று, மூங்கில் குச்சிகள் நான்கு. இவ்வளவுதான் எங்கள் சொத்து.

முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தாவரக் கண்காணிப்புத் திட்டத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டோம். அங்கே தன்னார்வலர் ஒருவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் ஒரு சதுரத்தை ஒதுக்குகிறார்கள். அவர் அதற்குள் ஐந்து சிறு பாத்திகள் வரை குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை அவற்றுக்கே போய், அங்கே வளர்பவற்றைப் பதிகிறார். புல்வெளியென்றால் பாத்தி ஐந்துக்கு ஐந்து மீட்டர், காடென்றால் பத்துக்குப் பத்து மீட்டர், ஓடைக்கரை, வேலியோரம் போன்ற நீள நிலங்களில் ஒரு மீட்டர் அகலமும் 25 மீட்டர் நீளமும் கொண்ட பட்டை. எந்தச் சதுரம் யாருக்கு என்பதைத் தன்னார்வலரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அழகான இடங்களை மட்டுமே எல்லோரும் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சதுரங்களைக் குலுக்கல் போன்ற ஒரு முறையில்தான் முதலில் பொறுக்குகிறார்கள். பட்டாம்பூச்சிகளுக்கு இதேபோன்ற ஒரு கண்காணிப்பை அவர்கள் 1976 முதல் நடத்தி வந்ததால், நாட்பட்ட பதிவின் அருமை அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. அவர்கள் வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் கடைசியிலும் போகிறார்கள், நமக்கோ நாட்காட்டியை எழுதுவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையில் முளைத்தவை தையில் பூத்து நிற்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பாதிக்கு மேல் காய்ந்து மறையும். ஆடி, ஆவணியில் மாலை வேளைகளில் பெய்யும் மழைக்கு வேறொரு கூட்டம் தலைகாட்டும். ஆகவே தையில் ஒரு சுற்று, ஆவணியில் ஒரு சுற்று என்று முடிவு செய்தோம். இடங்களையும் சீட்டுப் போட்டே எடுத்தோம். கிடைத்தவை: கொட்டிவாக்கம் கடற்கரை மணலில் ஒன்று, இந்தக் கால்வாய்க் கரை, தரமணியில் ஒரு சாலையோரம், வேளச்சேரி ஏரிக்கரை, பெருங்குடியில் ஒரு காலிமனை. கிண்டி தேசியப் பூங்காவில் ஒன்று வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மாணவிகள் ஆசைப்பட்டார்கள். வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, பூங்காவைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள், தரமணிச் சாலையோரத்தைப் பற்றி எழுத யாரும் இல்லை என்று பேராசிரியை சொன்னதில் பேச்சு முடிந்தது. அவர் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதே இடத்துக்குத் திரும்பிப் போவது என்பது சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. முதல் சுற்றில் கைப்பேசி காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டு திருப்தியோடு வீடு திரும்பினோம். ஆவணியில் போனபோதுதான் விஷயம் விளங்கியது. திறந்தவெளியிலேயே கைப்பேசியின் இடக்குறிப்பு நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். எங்கள் பாத்தியின் பக்கமே ஐந்து மீட்டர்தான். ரயில் பாதையின் கான்கிரீட்டுக்குக் கீழே அது இன்னும் அலைபாயும். முளை அடித்துவிட்டு வரலாம் என்றால், மறுநாளே யாராவது பிடுங்கிவிடுவார்கள். ஆகவே இப்போது மின்கம்பத்தின் எண், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், ரயில் பாதைத் தூண் ஆகியவற்றிலிருந்து நாடாவால் அளந்து மூலைகளைக் கண்டுபிடிக்கிறோம், ஒவ்வொரு மூலையிலும் நின்று நான்கு திசைகளிலும் படம் எடுத்துக்கொள்கிறோம். கடற்கரையில் கம்பமும் இல்லை, சுவரும் இல்லை. சாலை முனையிலிருக்கும் ஒரு கட்டடத்தின் மூலையிலிருந்து 60 மீட்டருக்கு மேல் மணலில் நாடாவை இருமுறை இழுக்க வேண்டியிருக்கிறது.

கயிறு கட்டியபின் இனங்களை எழுதுவது ஒரு வேலை, ஒவ்வொன்றும் தரையில் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று மதிப்பிடுவது இன்னொரு வேலை. இதற்கு செக் நாட்டுத் தாவரவியலாளர் கரேல் டோமின் பெயரால் வழங்கும் பத்துப் படி அளவுகோலைப் பிரிட்டனைப் போலவே நாங்களும் பயன்படுத்துகிறோம். ஒன்றிரண்டு செடிகள் மட்டும் இருந்தால் 1, பரப்பில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை என்றால் 3, பாதிக்கு மேல் முக்கால் வரை என்றால் 8, ஏறக்குறைய முழுவதும் மூடியிருந்தால் 10. கண் மதிப்பில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும், அதிலும் மஞ்சள் பூ பூத்திருக்கும் செடியை எல்லோரும் கூடுதலாகவே மதிப்பிடுவோம், புல்லைக் குறைவாக மதிப்பிடுவோம். அதற்கு மருந்துக்கடைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்துக்கு ஐந்து என்றால் 25 சதுர மீட்டர். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கால் சதுர மீட்டர், அதாவது அரை மீட்டருக்கு அரை மீட்டர். மருந்துப் பெட்டி அட்டை ஒன்றை அந்த அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து, இந்தச் செடி எத்தனை அட்டை அளவு இருக்கிறது என்று பாருங்கள் என்றார். அன்றிலிருந்து இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு ஒப்பிடுகிறோம். பெரும்பாலும் ஒரு படிக்கு மேல் வேறுபாடு வருவதில்லை.

இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும், படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் போதாதா என்று என் மைத்துனர் கேட்டார். செயலிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனக்குச் செடிகளின்மேல் ஆர்வம் வந்ததே அவற்றால்தான். ஆனால் அதில் வந்து சேர்வது, ஒருவர் கண்ணில் பட்டு, அவருக்குப் பிடித்துப்போய், அவர் நின்று படமெடுத்த செடி மட்டுமே. எருக்கின் படம் ஒரு தெருவிலிருந்து வரவில்லையென்றால் அங்கே எருக்கு இல்லையா, எருக்குதானே என்று யாரும் படமெடுக்கவில்லையா, அந்தத் தெருவுக்கு யாருமே போகவில்லையா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. என் தொழிலில் இது தினமும் பார்க்கும் விஷயம். ரொக்கப் புத்தகத்தில் ஒரு நாள் வரவு இல்லையென்றால் அந்தத் தேதிக்கு எதிரே 'நில்' என்று எழுதியிருக்க வேண்டும். வெற்றிடமாக விட்டிருந்தால் அந்த நாளைப் பற்றி நான் ஒன்றும் சான்றளிக்க முடியாது. எங்கள் படிவத்தில் முன்கூட்டியே அச்சடித்த இனப்பட்டியல் இருப்பது அதற்காகத்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எண் வேண்டும். தேடிப் பார்த்து இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் பூஜ்யம் எழுதத்தான் தயங்குகிறார்கள், ஏதோ தாங்கள் சரியாகத் தேடவில்லை என்று ஒப்புக்கொள்வதுபோல.

இந்த ஊரின் செடிகளைப் பட்டியலிடும் வேலை புதியதன்று. 1690களில் ஜார்ஜ் கோட்டையில் கும்பினியின் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரத்துச் செடிகளை அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். அவற்றைப் பற்றிய குறிப்புகளை லண்டன் மருந்தாளர் ஜேம்ஸ் பெட்டிவர் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். உலர்ந்த அந்தச் செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது, நாம் சளிக்கு அடை தட்டிச் சாப்பிடும் முசுமுசுக்கைக்கு குக்குமிஸ் மேடராஸ்படானஸ் என்றும், மேலாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் மேடராஸ்படென்சிஸ் என்றும் மதராசின் பெயரையே வைத்தார். வேலியில் படர்ந்த ஒரு கொடிக்கு உலகம் முழுவதும் நம் ஊர்ப் பெயர் வழங்குகிறது என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பிறகு 1929இல் பி. வி. மயூரநாதன், மதராஸ் நகரத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் பூக்கும் செடிகளைத் தொகுத்து எழுதிய நூலை எழும்பூர் அருங்காட்சியகம் வெளியிட்டது.

இவர்கள் தந்தவை அரிய செல்வங்கள், ஐயமே இல்லை. ஆனால் பட்டியல் ஒரு செடி உண்டு என்பதைச் சொல்லும். எந்த மண்ணில், எவ்வளவு பரப்பில், எந்த மாதத்தில் என்று மறுபடி போய் ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொல்லாது. பார்த்தீனியம் என்னும் அயல்நாட்டுக் களை 1950களின் நடுவில் புணேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது என்று படிக்கிறோம். அது தரமணியின் இந்தச் சாலையோரத்துக்கு எந்த ஆண்டில் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆண்டு யாராவது இதே இடத்தில் நின்று 'பார்த்தீனியம் இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்படி எழுதுவதற்குச் சென்னையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் 1988 முதல் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையை நடந்தே கடக்கிறார்கள். ஒரு முட்டைக்குழியும் கிடைக்காத இரவுகளிலும் நடக்கிறார்கள். அப்படிக் கிடைக்காத இரவுகளும் கணக்கில் இருப்பதால்தான் கிடைத்த இரவுகளின் எண்ணிக்கைக்குப் பொருள் வருகிறது. கல்லூரி நாட்களில் ஒருமுறை அவர்களோடு நடந்து, ஆமை எதையும் பார்க்காமல் விடியற்காலையில் ஏமாற்றத்தோடு வீடு திரும்பியிருக்கிறேன். அன்று நான் ஒரு பதிவில் பங்கெடுத்தேன் என்பது இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் புரிகிறது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளிலும் கால்வாய்க் கரைப் படிவத்தையும் காலிமனைப் படிவத்தையும் எழுதியவன் நான். தரையோடு தரையாகப் படர்ந்து, எதிரெதிராக இலைவிட்டு, ஒவ்வொரு இணையிலும் ஓர் இலை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்த செடியை மூக்கிரட்டை என்று எழுதினேன். நான் படித்த வழிகாட்டியில் மூக்கிரட்டையின் அடையாளமாக அந்தச் சமமில்லாத இலை இணையைத்தான் போட்டிருந்தது. பேராசிரியை அந்த இரு நாட்களிலும் ஏரிக்கரையில் இருந்தார். யாரும் சரிபார்க்கவில்லை.

2025 தையில் காலிமனையில் நாங்கள் குனிந்துகொண்டிருந்தபோது, அந்தத் தெருவில் கீரை விற்கும் ஆயா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தார். நான் சொல்லச் சொல்ல மாணவி எழுதிக்கொண்டிருந்தாள். "மூக்கிரட்டை, மூன்று" என்றேன்.

"இத்த யாரு தம்பி மூக்கிரட்டைன்னு சொன்னது? இது சாரணை" என்றார் ஆயா. அவரே ஒரு கொடியை எடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவை நகத்தால் விலக்கிக் காட்டினார். "பாரு, கணுவாண்ட பை கணக்கா இருக்குதா? பூவு அதுக்குள்ளேயே குந்திக்கும். மூக்கிரட்டைன்னா பூ தனியா காம்பு நீட்டிக்கினு நிக்கும். நடந்தா சேலையில ஒட்டும்."

உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். இலைக்காம்பின் அடி இருபுறமும் மெல்லிய சவ்வாக விரிந்து, தண்டைத் தழுவி, ஒரு சிறு உறைபோல ஆகியிருந்தது. அந்த உறைக்குள் பாதி புதைந்து, வெளிர் இளஞ்சிவப்பில் ஒரே ஒரு பூ, காம்பே இல்லாமல், வெயில் ஏறும் நேரத்தில் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. இலை சதைப்பற்றோடு இருந்தது, விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. ஆயா நாலடி தள்ளிப் போய், மதிலோரத்திலிருந்து வேறொரு கொடியைக் கொண்டுவந்தார். இதிலும் இலைகள் இணையிணையாக, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆனால் இலையின் அடிப்புறம் வெளுத்திருந்தது, கணுவில் சவ்வுப் பை இல்லை. நூல்போன்ற காம்புகள் கிளைவிட்டுக் கிளைவிட்டு மேலெழும்பி, முனைகளில் கடுகைவிடச் சற்றே பெரிய கருஞ்சிவப்புப் பூக்களைக் கொத்தாக ஏந்தியிருந்தன. முதிர்ந்த காய்கள் சிறு கதாயுதம்போல ஐந்து விளிம்புகளோடு இருந்தன. தொட்டதும் விரலில் ஒட்டின. மூக்கிரட்டை போயர்ஹேவியா, சாரணை ட்ரையாந்திமா, குடும்பமே வேறு என்று பேராசிரியை பிறகு சொன்னார். இரண்டையும் கீரையாக ஆய்ந்து விற்கும் ஆயாவுக்கு அது கைப்பழக்கம். எங்களுக்கோ இரண்டு சுற்றுகள் பிழையாகப் போயிருந்தன.

அந்த இரண்டு சுற்றுகளின் படங்களையும் எடுத்துப் பார்த்தோம். பாத்தி முழுவதும் தெரியும்படி எடுத்த படங்களே இருந்தன. இலைகள் தெரிந்தன, கணுக்கள் தெரியவில்லை. எல்லாம் சாரணையாகத்தான் இருந்திருக்கும் என்று திருத்திவிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். மதிலோரத்தில் மூக்கிரட்டையும் இருந்ததை அன்று கண்ணால் பார்த்தோமே, பாத்திக்குள்ளும் அது ஒன்றிரண்டு இருந்திருந்தால் என்ன செய்வது? ஆகவே அந்த நான்கு பதிவுகளையும் 'சாரணை அல்லது மூக்கிரட்டை' என்ற ஒரே வரியாகச் சேர்த்து எழுதினோம். இனி அந்த வரியை யாராலும் பிரிக்க முடியாது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதன்பின், ஒரு பாத்தியில் ஓர் இனத்தை முதன்முறை எழுதும்போது பூ, கணு, இலையின் அடிப்புறம் மூன்றையும் அருகில் படமெடுக்க வேண்டும், கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சிறு கிளையை எடுத்துப் பழைய செய்தித்தாளில் அழுத்திவைக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். ஆயாவைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டோம். வியாபார நேரத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம், அழுத்திவைத்த கிளைகளை அவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழ்ப் பெயர்களால் வரும் சிக்கல் இன்னொன்று. வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூ என்று ஐவரில் மூவர் ஒரே செடிக்கு மூன்று பெயர் சொல்கிறோம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்று கேட்டால் அந்த மூவருமே நம்ப மறுக்கிறார்கள். படிவத்தில் தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் சேர்த்துத்தான் அச்சடிக்கிறோம். ஆனால் ஒருவர் சொல்லும் பெயரை மாற்றச் சொல்வதில்லை, ஓரத்தில் குறித்துக்கொள்கிறோம், யார் எந்த ஊர்க்காரர் என்பதோடு.

கடற்கரைப் பாத்திதான் எழுத எளிது. இனங்கள் குறைவு. மணலைப் பிடித்துக்கொண்டு ஓடும் அடும்பு, முள்ளுருண்டையாகக் காய்க்கும் ராவணன் மீசைப் புல், அவற்றினிடையே இன்னும் சில. அடும்பின் இலை நுனியில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். சங்கப் பாட்டு அதை மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. லத்தீனில் அதற்கு வைத்த பெஸ்-காப்ரே என்ற பெயருக்கு ஆட்டின் கால் என்று பொருள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பிளவைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். இந்தப் பாத்தியில் அடும்பு முதல் சுற்றில் 7, பிறகு 7, 6, 5, இந்தத் தையில் 5. பார்த்தவுடன் குறைகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. பேராசிரியை அப்படிச் சொல்ல விடுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன கையோடு நாங்கள் தொடங்கினோம். அதனால் எங்கள் முதல் சுற்று ஒரு சராசரி ஆண்டின் படமே அல்ல. ஐந்து எண்களை வைத்துக்கொண்டு போக்கு என்று எதையும் சொல்லக் கூடாது, பத்து ஆண்டுகள் போகட்டும் என்கிறார் அவர். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதை அவர் சொல்லும்போது நாங்கள் யாரும் எதுவும் பேசுவதில்லை.

பொங்கலை ஒட்டிய நாட்களைத் தவிர்க்கவும் ஓர் அனுபவம் கற்றுக்கொடுத்தது. தரமணிச் சாலையோரத்தில் சிறுபீளை நிறைய வளரும். 2024இல் நாங்கள் பொங்கலுக்கு மறுநாள் போனோம். சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் காப்புக் கட்டுவதற்காக அதை வேரோடு பறித்துப் போயிருந்தார்கள், காம்புகள் மட்டும் சிதறிக் கிடந்தன. வருத்தப்பட ஒன்றுமில்லை, செடி அடுத்த மழைக்கு வந்துவிடும். ஆனால் பொங்கலுக்கு முன்பு ஓர் ஆண்டும் பின்பு ஓர் ஆண்டும் போனால் செடி கூடியதா, தேதி மாறியதா என்று தெரியாமல் போய்விடும். அதனால்தான் தை இரண்டாவது ஞாயிறு என்று நிலையாக வைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் கடினமானது காலிமனை. உரிமையாளரிடம் முதலிலேயே அனுமதி வாங்கியிருந்தோம். கட்டடம் கட்டும்போது சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை, மறந்திருக்கலாம். 2025 ஆவணியில் போனபோது பொக்லைன் இயந்திரம் வந்துபோன தடமும், ஆள் உயர மண்குவியலும், கட்டுக்கட்டாகக் கம்பிகளும் இருந்தன. துத்தி, நல்வேளை, நாய்வேளை, தும்பை, சாரணை என்று ஐந்து இடங்களிலும் அதிக இனங்கள் இருந்த பாத்தி அதுதான். ஒரு மாணவி அழுதுவிட்டாள். பக்கத்துத் தெருவிலேயே இன்னொரு காலிமனை இருக்கிறது, இதற்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. அழிந்த பாத்தியை விட்டுவிட்டு, செடி இருக்கும் பாத்திக்கு ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே போனால், நம் பதிவின்படி பெருங்குடியில் ஒரு செடியும் குறையவே குறையாது என்றார். புதிய மனையைச் சேர்த்துக்கொள்வோம், ஆனால் பழையதை எழுதுவதை நிறுத்தக் கூடாது.

ஆகவே இந்தத் தை ஞாயிறும், கால்வாய்க் கரையில் "சாரணை 4, மூக்கிரட்டை 0" என்று எழுதி முடித்து, வெயில் ஏறியபின் பெருங்குடிக்குப் போனோம். தரைத்தளம் வாகனங்கள் நிறுத்துவதற்காகக் கான்கிரீட் போட்டு முடிந்திருந்தது. காவலாளி எங்களை நினைவு வைத்திருந்தார், "அளந்துட்டுப் போங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். மின்கம்பத்திலிருந்தும் பழைய மதிலின் மூலையிலிருந்தும் நாடாவை இழுத்தோம். கான்கிரீட்டில் மூங்கில் குச்சி இறங்காது என்பதால் நான்கு மூலைகளிலும் ஆளுக்கொருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேராசிரியை நடுவில் நின்று பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக, மற்ற இடங்களில் படிப்பதைப் போலவே, நிறுத்தி நிறுத்திப் படித்தார். அருகம்புல், 0. கீழாநெல்லி, 0. சாரணை, 0. துத்தி, 0. தும்பை, 0. ஒவ்வொரு பெயருக்கும் தரையைப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுதினேன்.

மதிலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் விரல் அகல இடைவெளியில், கயிற்றுக்கு வெளியே ஓரடி தள்ளி, ஒரு கொடி வெளியே வந்து படர்ந்திருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். கணுவில் பை இல்லை, இலையின் அடி வெளுப்பு, பூக்கள் காம்பு நீட்டி நின்றன. எழுந்தபோது காற்சட்டையின் ஓரத்தில் ஏழெட்டுக் காய்கள் ஒட்டியிருந்தன. பேராசிரியை அடுத்த பெயரைப் படித்தார். மூக்கிரட்டை. கயிற்றுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, 0 என்று எழுதினேன்.